கிளிமஞ்சாரோவுக்குக் காசு சேர்க்க: சில்லறை வேலையா, ஸ்பொன்சர் பக்கமா, றோல்ஸ் மேசையா?

தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக மலை ஏறுவது இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் இப்போது பழகிப்போன விஷயம். பென் நெவிஸ், ஸ்கேஃபெல் பைக், ஸ்னோடன் மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்குகிற பிள்ளைகள் நிறைய. ஆசை கூடினால் அடுத்தது தன்சானியாவில் 5,895 மீற்றர் உயரமான கிளிமஞ்சாரோ. மலையைப் பற்றியும் சப்பாத்தைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். காசு சேர்ப்பதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை. கடைசிக் கட்ட நோயாளரைப் பராமரிக்கும் எங்கள் பகுதி ஹோஸ்பிஸுக்காக நான் கிளிமஞ்சாரோ போய் வந்த பிறகு, போக நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அவ்வளவு காசும் எப்படிச் சேர்த்தனீங்கள்?"

வழி மூன்று. இணையத்தில் ஒரு பக்கம் திறந்து தெரிந்தவர்களிடம் ஸ்பொன்சர் கேட்பது ஒன்று. கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ மேசை போட்டுச் சாப்பாடு விற்பது இன்னொன்று. மூன்றாவது, அக்கம்பக்கத்தில் கார் கழுவி, புல் வெட்டி, பெட்டியில் துண்டு துண்டாக வரும் அலமாரியைப் பூட்டிக் கொடுத்துச் சம்பாதிப்பது. நான் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் செய்தேன். இன்னொரு முறை போனாலும் அதைத்தான் செய்வேன்.

ஸ்பொன்சர் பக்கத்தின் வசதி எல்லாருக்கும் தெரிந்தது. இருந்த இடத்தில் இருந்தே திறக்கலாம். வட்ஸ்அப்பில் அனுப்பினால் கனடாவில் இருக்கிற சித்தப்பாவும் போடுவார். காசு உங்கள் கையில் படாமல் நேரே தொண்டு நிறுவனத்துக்குப் போய்விடும், கணக்குக் காட்டுகிற தலையிடி இல்லை. ஜஸ்ட்கிவிங் போன்ற தளங்களில் போடும்போது தளத்துக்கென்றும் ஒரு தொகையைச் சேர்த்துக் காட்டும். அது கட்டாயமில்லை, பூச்சியமாக்கலாம். வயதானவர்களுக்குப் பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுக்கும்போது இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், நாங்கள் கேட்கக்கூடிய ஆட்கள் எல்லாரும் ஒரே ஆட்கள்தான். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் திருவிழா, ஊரில் யாருக்கோ சத்திரசிகிச்சை என்று வருடம் முழுக்க அதே நாற்பது ஐம்பது வீட்டுக் கதவைத்தான் எல்லாரும் தட்டுகிறார்கள். அவர்களும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் மூன்றாம் முறையும் இணைப்பை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

றோல்ஸ் மேசைக்கு வருவோம். ஒரு தட்டு மட்டன் றோல்ஸ் வைத்தால் தேர் இழுத்து முடிவதற்குள் தீர்ந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இறைச்சி, எண்ணெய், மா எல்லாம் விற்கிற விலைக்கு கையில் நிற்பது குறைவு. விற்கிறவர் சாமான்களின் விபரத்தையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே உணவு விற்பவர்கள் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் எள்ளும் உண்டு. நாங்கள் தாளிக்காத சாப்பாடு ஏது? நல்லெண்ணெய் எள்ளு என்பதும், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா சேர்ந்திருக்கும் என்பதும் மேசையில் நிற்கிற பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். சாப்பிடுகிறவருக்கு ஒவ்வாமை இருந்தால் அது விளையாட்டு இல்லை. இதையெல்லாம் எழுதி ஒட்டிவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. விடிய எழும்பிக் கிழங்கு அவித்து, மா குழைத்து, சுற்றிப் பொரிப்பது அம்மாதான். மலை ஏறுவது நான். உழைப்பை அவர் தலையில் கட்டிவிட்டுப் பெயரை நான் எடுப்பது சரியாகப் படவில்லை. சமையலில் கை தேர்ந்தவர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கலாம்; ஒரேயொரு முறை மேசை போட்டதை வைத்து அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

சில்லறை வேலை செய்து காசு சேர்ப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம். 1949இல் இங்கே சாரணர்கள் 'பொப் எ ஜொப்' வாரம் தொடங்கினார்கள். பொப் என்றால் ஷில்லிங். வீடு வீடாகப் போய் ஒரு வேலை செய்து கொடுத்தால் ஒரு ஷில்லிங். இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு சாரணர் வேலை வாரம் நினைவிருக்கும். அட்டையோடு பெடியள் வந்து முற்றம் கூட்டி, சைக்கிள் துடைத்து, கையெழுத்தும் காசும் வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால் "மலை ஏறப் போறன், ஏதும் வேலை இருந்தால் சொல்லுங்கோ" என்று கேட்டபோது வயதானவர்கள் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

கார் கழுவுவதும் புல் வெட்டுவதும் எல்லாரும் செய்வதுதான். அதில் போட்டி அதிகம், குளிர்காலத்தில் வேலையும் இல்லை. எங்களுக்கென்று இருக்கிற வேலைகள்தான் கைகொடுத்தன. தனியாக இருக்கும் அன்ரி ஒருவர் வீட்டில் நவராத்திரிக்கு முன் ஐந்தாறு பித்தளை விளக்குகளை மேசையில் பரப்பி வைத்துவிட்டு, "தம்பி, என்ர கை இப்ப ஏலாது, இதை ஒருக்கா மினுக்கித் தருவீங்களோ?" என்று கேட்டார். குத்துவிளக்கைத் திருகிக் கழற்ற வேண்டும். பூட்டுகிற இடத்தில்தான் எண்ணெயும் பச்சைக் களிம்பும் இறுகிக் கிடக்கும். பழப்புளியை ஊறவைத்து அப்பி, கொஞ்ச நேரம் விட்டு, பழைய பல்லுத் தூரிகையால் இடுக்குகளைத் தேய்த்தால் களிம்பு கரைந்து வரும். கழுவியவுடன் துணியால் துடைக்க வேண்டும், தண்ணீர் காய விட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். அன்ரி பக்கத்தில் இருந்து சொல்லிச் சொல்லித்தான் பழகினேன். அந்த ஒரு வீட்டிலிருந்து அவருடைய பஜனைக் கூட்டம் முழுக்கச் செய்தி போனது. நவராத்திரி, கார்த்திகை விளக்கீடு, தைப்பொங்கல் என்று விளக்கு வேலை தொடர்ந்து வந்தது. சேலை அயர்ன் பண்ணுவது, அலமாரி பூட்டுவது, மேல்தட்டுப் பெட்டிகளை இறக்கி ஏற்றுவது, இலையுதிர் காலத்தில் வளவுச் சருகு கூட்டி அள்ளுவது எல்லாம் அதன் பின்னால் வந்தவைதான்.

கூலியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "பார்த்துத் தாங்கோ" என்றால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரு பக்கம். என்னைச் சில்லறை வேலைப் பக்கம் இழுத்தது ஒரே ஒரு கேள்வி: உங்கள் பயணச் செலவை யார் கட்டுகிறார்கள்?

தொண்டு நிறுவனங்கள் இத்தகைய பயணங்களுக்குப் பொதுவாக இரண்டு வழி வைத்திருக்கின்றன. முதலாவதில் ஒரு பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, குறைந்தது இவ்வளவு சேர்ப்பேன் என்று ஒப்புக்கொள்வீர்கள். விமானச் சீட்டு, பூங்காக் கட்டணம், வழிகாட்டி என்று உங்கள் பயணத்துக்கு ஆகும் செலவு, சேர்த்த அந்தக் காசிலிருந்தே போகும். இரண்டாவதில் பயணச் செலவு முழுவதையும் நீங்களே கட்டுவீர்கள். மக்கள் கொடுப்பது அத்தனையும் தொண்டு நிறுவனத்துக்கு.

கணக்கைப் பாருங்கள். பயணத்துக்கு 2,000 பவுண் ஆகிறது, நீங்கள் சேர்த்தது 4,000 பவுண் என்று வைப்போம். முதல் வழியில் ஹோஸ்பிஸுக்கு மிஞ்சுவது 2,000. இரண்டாவதில் முழு 4,000. ஐம்பது பவுண் போட்ட ஒருவர், அந்த ஐம்பதில் பாதி என்னுடைய விமானச் சீட்டுக்குப் போனது என்று அறிந்தால் என்ன நினைப்பார்? முதல் வழியைத் தேர்ந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அதை மறைக்காமல் சொல்லிக் கேட்டால் அதில் தவறில்லை, தொண்டு நிறுவனத்துக்கும் அதில் இலாபம் உண்டு. ஆனால் என் மாமியின் கடைசி நாட்களை அந்த ஹோஸ்பிஸில்தான் பார்த்தார்கள். அங்கே இரவில் கூட இருந்த தாதிமாரை நான் கண்டவன். அவர்களுக்கென்று கொடுத்த காசில் ஒரு பென்ஸ்கூட என் பயணத்துக்குப் போகக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

இதோடு கிஃப்ட் எய்ட்டும் சேர்கிறது. இங்கே வரி கட்டும் ஒருவர் ஒரு பவுண் நன்கொடை கொடுத்து, படிவத்தில் சரி அடையாளம் போட்டால், தொண்டு நிறுவனம் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் எடுக்கலாம். கார் கழுவியதற்குக் கிடைத்த காசு கூலி. அது நன்கொடை ஆகாது, அதற்குக் கிஃப்ட் எய்ட் இல்லை. கூலியில் பயணத்தைக் கட்டிவிட்டு, மக்கள் மனம் வந்து கொடுப்பதை ஹோஸ்பிஸுக்கு அனுப்பினால், கிஃப்ட் எய்ட் எடுக்கக்கூடிய காசு அத்தனையும் அவர்களுக்கே போகும். இன்னொன்று: தொண்டு நிறுவனம் உங்கள் பயணச் செலவைக் கட்டுகிறது என்றால், உங்கள் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் போடும் காசுக்குக் கிஃப்ட் எய்ட் எடுப்பதில் தடை வரும். ஏனென்றால் அந்தக் காசின் பயன் குடும்பத்துக்குள்ளேயே திரும்புகிறது. நீங்களே கட்டினால் அந்தச் சிக்கல் இல்லை. எங்கள் வீடுகளில் பெரிய தொகை போடுவது அண்ணாவும் அக்காவும்தானே.

அதனால் நான் செய்தது இதுதான். வேலைக் காசு தனிக் கணக்கில், பயணத்துக்கு. குறைந்ததைச் சம்பளத்திலிருந்து போட்டேன். ஸ்பொன்சர் பக்கம் ஒன்றும் வைத்திருந்தேன், அதில் வந்தது ஹோஸ்பிஸுக்கு. வேலை கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொன்னேன்: "நீங்கள் தாற கூலி என்ர ரிக்கற்றுக்கு. ஹோஸ்பிஸுக்குக் குடுக்க விருப்பம் என்றால் அதுக்குப் பக்கம் வேறை இருக்கு." இதைச் சொல்லாமல் விட்டு, வேலைக் காசும் தொண்டுக்குத்தான் போகிறது என்று ஆட்கள் நினைக்கும்படி நடந்துகொள்வது ஏமாற்று. வெளிப்படையாகச் சொன்னதால் கூலி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, கூலி கொடுத்த பலர் பக்கத்திலும் போட்டார்கள். வேலை செய்கிறவன் கேட்கும்போது, அதே நாற்பது ஐம்பது வீடுகளிலும் வரவேற்பு வேறாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. அரச பென்ஷன் மட்டும் எடுக்கும் அன்ரிமார் பலர் வரி கட்டுவதில்லை. அவர்கள் கிஃப்ட் எய்ட் கட்டத்தில் அடையாளம் போட்டால், தொண்டு நிறுவனம் எடுத்த அந்தத் தொகையை வரித் திணைக்களம் அவர்களிடமே கேட்கலாம். ஆர்வத்தில் எல்லாருக்கும் சேர்த்து நீங்களே தட்டிவிடாதீர்கள்.

சில்லறை வேலைக்கும் வரம்பு உண்டு. ஒரு வரி ஆண்டில் இப்படிக் கிடைக்கும் மொத்த வரவு 1,000 பவுணைத் தாண்டாவிட்டால், வேறு சுயதொழில் இல்லாதவர்கள் பொதுவாக வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கத் தேவையில்லை. தாண்டினால் காட்ட வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. ஆகவே வேலையைக் குளிர்காலத்தில் தொடங்கிக் கோடை வரை கொண்டுபோனால் இரண்டு ஆண்டுகளின் வரம்பும் கிடைக்கும். மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள் இந்த வழிக்கே போகக்கூடாது. அந்த விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை, ஒரு கார் கழுவிய காசுக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம். அவர்களுக்கு ஸ்பொன்சர் பக்கம்தான் சரி. கூலிக்கு மற்றவர்களின் பழைய மெத்தை, உடைந்த அலமாரி என்று ஏற்றிப்போய்க் கொட்டுவதற்கும் கழிவு ஏற்றுவோர் பதிவு வேண்டும், அந்த வேலையை விட்டுவிடுங்கள். கூரைப் பீலி துப்புரவாக்க ஏணியில் ஏறுவதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. விழுந்தால் மலையும் இல்லை, வேலையும் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை ஸ்பொன்சர் பக்கத்துக்குத்தான் முதலிடம். சனி ஞாயிறு வேலைக்குப் போனால் நடைப் பயிற்சி குறையும். புல் வெட்டுவது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் கிளிமஞ்சாரோவில் ஆளை விழுத்துவது உயரம். அதற்கு இங்கே எந்த வேலையும் பயிற்சி ஆகாது. மெதுவாக ஏறுவதும், கூடுதல் நாள் எடுக்கிற பாதையைத் தேர்வதும்தான் உதவும். கூடுதல் நாளுக்குக் கூடுதல் பூங்காக் கட்டணம். இங்கேயும் சொந்தக் காசில் போகிறவருக்கு ஒரு சுதந்திரம் இருக்கிறது. இன்னொருவரின் நன்கொடையைச் செலவழிக்கிறோமே என்ற தயக்கமில்லாமல், ஐந்து நாளை விட்டு ஏழு எட்டு நாள் பாதையை எடுக்கலாம்.

செலவுப் பட்டியல் போடும்போது சுமை தூக்குவோருக்கும் வழிகாட்டிகளுக்கும் கொடுக்கும் சந்தோஷக் காசை வெளியே விடாதீர்கள். விலைப்பட்டியலில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது. மலையில் வேலை செய்கிறவர்களோ அதை நம்பித்தான் இருக்கிறார்கள். கூடாரமும் அரிசியும் தண்ணீரும் சுமந்து உங்களுக்கு முன்னால் ஏறுகிறவர்கள் அவர்கள். ஆளுக்கு 20 கிலோ என்று வரம்பு வைத்து, நிறுத்துப் பார்த்து, கூலியை ஒழுங்காகக் கொடுக்கிற பயண நிறுவனமா என்று பதியும் முன்பே கேளுங்கள். விளக்கு மினுக்கிய காசை நான் தொடாமல் வைத்திருந்தது இதற்குத்தான்.