181 பெண்கள் உதவி எண்: எங்க கடக்கர பொண்ணுங்க போன்ல கட்டாயம் இருக்கணும்

தங்கச்சிமடத்துல புருசன்கிட்ட அடி வாங்குற, தெரிஞ்ச ஒரு மதினிக்காக 181க்கு போன் போட்டோம், ராத்திரி நேரம், காசு கிடையாது, எடுத்த அக்கா பொறுமையா கேட்டாங்க, நீ என்ன தப்பு பண்ணுனன்னு ஒரு வார்த்த கேக்கல, அதுக்கே 5க்கு 4 ஸ்டார் குடுப்பேன். பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கு அரசாங்கம் நடத்துற சகி மையத்துக்கு வழி சொன்னாங்க, வைத்திய உதவி, வக்கீல், கவுன்சிலிங் எல்லாம் ஒரே எடத்துல (தங்குறது 5 நாள் வரைக்குந்தான், அத கூட்டணும்).

ஊருல பேசுறதே வேற. மீன்பிடி தடைக்காலம், கையில காசில்ல, குடிச்சுட்டான் அதான் அடிக்கிறான்னு. அப்ப சம்மாட்டிகிட்ட (படகு மொதலாளி) ஏன் கை நீட்டல? குடி மோசமாக்கும், காரணம் அது இல்ல. அடிச்சாத்தான் கேஸுன்னு இன்னொரு பேச்சு. 2005 குடும்ப வன்முறை சட்டத்துல கேவலமா பேசுறது, செலவுக்கு காசு தராம வைக்கிறது, நகைய பிடுங்குறது எல்லாமே வன்முறைதான், வீடு அவன் பேருல இருந்தாலும் இஷ்டத்துக்கு வெளிய தள்ள முடியாது, பொண்டாட்டி மட்டுமில்ல அம்மா, தங்கச்சியும் மனு குடுக்கலாம்.

ஏன் விட்டுட்டு வரலன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க, கிளம்புற நேரந்தான் ரொம்ப ஆபத்து, முன்னாடியே 181ல பேசி பிளான் பண்ணிக்கங்க. வக்கீலுக்கு காசு இல்லைன்னா சட்டப்பணிகள் ஆணைக்குழுல பொண்ணுங்களுக்கு வருமானம் பாக்காம இலவசம்.