ஊர் விடுமுறையில் ஹெட்கியர் தொடங்கலாமா?

வளைகுடாப் பள்ளிகளின் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குச் சென்னை வருகிறவர்கள், பிள்ளைக்குப் பல் கம்பி போடுவதையும் அதே ஆறு வாரத்தில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். எத்துப்பல்லுக்கு ஹெட்கியர் (கழுத்திலோ தலையிலோ பட்டை மாட்டி, மேல் கடைவாய்ப் பற்களைப் பின்னோக்கி இழுக்கும் கருவி) வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அதை அந்த விடுமுறையில் தொடங்கவே வேண்டாம்.

முதலில் கடைவாய்ப் பற்களுக்கு இடையே ரப்பர் வளையம் செருகி இடம் பிரிப்பார்கள். சில நாள் கழித்து மேல்தாடையில் ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பற்களில் குழாய் வைத்த உலோக வளையம் ஒட்டி, அதில் ஃபேஸ்போ என்ற வில் போன்ற கம்பியை மாட்டுவார்கள். அதன் உள்கம்பி வாய்க்குள்ளும், வெளிக்கம்பி கன்னத்தை ஒட்டிப் பட்டையோடும் இணையும். குறைந்த விசையில் பழக்கி, பிறகு பக்கத்துக்கு 400 கிராம் வரை ஏற்றுவார்கள். சாயங்காலம் தொடங்கி 12 முதல் 14 மணி நேரம், தினமும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை விசையை அளந்து, ஃபேஸ்போவின் உள்கம்பியைச் சரிசெய்ய வேண்டும். பிள்ளை விமானம் ஏறிவிட்டால் இதைச் செய்ய ஆள் கிடையாது.

சிகிச்சை நிலைக்காமல் போவதும் பெரும்பாலும் இப்படி விசையைச் சரிபார்க்காமல் விடுவதில்தான் தொடங்குகிறது. இழுவிசை கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடத்தை ஒட்டிப் போனால் பல் வேரோடு நகரும். அதற்குக் கீழே போனால் பல்லின் தலை மட்டும் பின்னால் சாயும். பார்வைக்குச் சரியானாற்போல் இருக்கும். விசையை நிறுத்தினால் சாய்ந்த பல் திரும்ப முன்னுக்கு வந்துவிடும். கழுத்துப் பட்டை கடைவாய்ப் பல்லைக் கீழேயும் இழுக்கும். நீள முகப் பிள்ளைக்கு அதனால் கீழ்த்தாடை பின்னால் சுழன்று மோவாய் இன்னும் உள்வாங்கும். அவர்களுக்குத் தலைத் தொப்பியிலிருந்து மேல்நோக்கி இழுக்கும் வகைதான் சரி.

இன்னொரு காரணம் வளர்ச்சி. ஹெட்கியர் மேல்தாடையின் முன்வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது, நிரந்தரமாக நிறுத்துவதில்லை. 11 வயதில் போட்டு 13இல் கழற்றினாலும் தாடை பழைய போக்கிலேயே வளரத் தொடங்கும். அந்த வளர்ச்சி பெண் பிள்ளைகளுக்கு 15 வயதையொட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 18ஐ ஒட்டியும்தான் அடங்குகிறது. குறை அதிகமாக இருந்த பிள்ளைக்கு அதுவரை ராத்திரி மட்டுமாவது ஏதேனும் பிடிமானம் வேண்டும். கீழ் முன்பற்கள் பின்னாளில் நெருக்கிக்கொள்வது வேறு விஷயம். கம்பியே போடாதவர்களுக்கும் அது வரும்.

ஊர் விடுமுறை நன்றாகப் பயன்படுவது இந்த வளர்ச்சியைக் கண்காணிப்பதற்குத்தான். சென்னையில் பக்கவாட்டு செஃப் எக்ஸ்ரே (தலையையும் தாடையையும் பக்கவாட்டில் காட்டும் படம்) சட்டென்று எடுத்துவிடலாம். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கென்றே முதுநிலைத் துறை இருக்கிறது. அங்கே காலையிலேயே போய் ஓபி சீட்டு எடுப்பது நல்லது. படம் அளவுகோல் தெரியும்படி இருக்க வேண்டும், முடிந்தவரை ஒவ்வொரு முறையும் அதே மையத்தில் எடுக்க வேண்டும். இயந்திரம் மாறினால் உருப்பெருக்கமும் மாறும், இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவது வீணாகும். பல் அச்சின் பிளாஸ்டர் வார்ப்பு பெட்டிக்குள் உடையும். அதை ஸ்கேன் கோப்பாகக் கேளுங்கள். மேல் முன்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி நிற்பது 2–3 மி.மீ. இருந்தால் போதும். போன வருடம் 3 இருந்து இந்த வருடம் 5 ஆகியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டில் ஏற்கெனவே ஹெட்கியர் போட்டிருக்கும் பிள்ளையோடு வந்தால், கழுத்துப் பட்டையைப் பாருங்கள். நம் ஊர் வியர்வையில் ஒரு வாரத்திலேயே அழுக்கேற வேண்டும். புதுசு மாதிரி இருந்தால் பிள்ளை போடவில்லை. கழற்றும்போது முதலில் பட்டையைக் கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும், அப்புறம்தான் ஃபேஸ்போவை எடுக்க வேண்டும். பட்டை மாட்டியிருக்கும்போதே ஃபேஸ்போவை முன்னால் இழுத்தால், அது சுண்டித் திரும்பிக் கண்ணில் குத்தலாம். பார்வையே போன சம்பவங்கள் உண்டு. இழுத்தால் தானே விடுபடும் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் எந்த டாக்டர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சிகிச்சை முடிந்த பிள்ளைக்கு ரிட்டெய்னர் (பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் கருவி) இரண்டு செட் செய்துகொள்ளுங்கள். கண்ணாடி போன்ற மெல்லிய வகை வெந்நீரில் கழுவினாலோ வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தாலோ வளைந்துவிடும். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே வாங்கிப் போட்டுப் பார்த்தால், எங்காவது உறுத்தினாலும் திருத்த நேரம் இருக்கும்.