வீட்டில் தீ விபத்து: சொந்த பாலிசி, வங்கி பாலிசி, கேஸ் காப்பீடு – எதில் எதைக் கேட்கலாம்?

சமையலறையில் தீப்பிடித்த ஒரு வீட்டுக்கு நம் ஊரில் பணம் வரக்கூடிய வழிகள் மூன்று. வீட்டுக்காரர் தானே எடுத்த வீட்டுக் காப்பீடு ஒன்று. கடன் தரும்போது வங்கி எடுக்க வைத்த பாலிசி இன்னொன்று. கேஸ் கசிவால் வந்த தீ என்றால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீடு மூன்றாவது. பலரும் ஒன்றில் மட்டும் பணம் கேட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். இருப்பது தெரியாததுதான் காரணம்.

சொந்த பாலிசிதான் மூன்றிலும் கனமானது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்கின்றன. கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை என்பது கார்பெட் ஏரியாவை (சுவர்களுக்குள் நாம் புழங்கும் பரப்பு) இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. மனை விலை அதில் சேராது. 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 22 லட்சம். கட்டடத்தோடு பொருட்களையும் சேர்த்து எடுத்திருந்தால், அதில் 20%, அதாவது 4.4 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே கிடைக்கும். உச்சவரம்பு 10 லட்சம். இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2%, பொறியாளர் கட்டணத்துக்கு 5% வரை தனியாக உண்டு. வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால் மாற்று வீட்டு வாடகையும் கேட்கலாம். அதற்கு வாடகை ரசீதோடு, வீடு தங்கத் தகுதியில்லை என்று கட்டடக் கலைஞரோ (ஆர்க்கிடெக்ட்) உள்ளாட்சி அமைப்போ தரும் சான்றையும் அன்றே வாங்கி வையுங்கள்.

இதில் தகராறு வரும் இடங்கள் சில. ஏசி ஷார்ட் சர்க்யூட் ஆகி எரிந்தால் அந்த ஏசிக்கு மட்டும் பணம் வராது. அதிலிருந்து பரவி எரிந்த கட்டில், திரைச்சீலை, ஃபால்ஸ் சீலிங் எல்லாவற்றுக்கும் வரும். ஆகவே கிளெய்ம் படிவத்தில் ‘ஏசி வெடித்தது’ என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்தப் பொருளில் தொடங்கி எதற்குப் பரவியது என்று பிரித்து எழுதவேண்டும். நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் ஆகியவை தனி விருப்பக் காப்பு எடுத்திருந்தால்தான் உண்டு. தீயணைப்பு வீரர்கள் அடித்த தண்ணீரில் ஊறிய மெத்தையும் தீயால் வந்த சேதமே. புகை படிந்து கெட்டதும் அப்படியே. பட்டியலில் இவற்றை விட்டுவிடாதீர்கள்.

வங்கி பாலிசி பார்க்க இதே போல இருக்கும், பல சமயம் இதே பாலிசியாகவும் இருக்கும். வேறுபாடு இரண்டு. பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும் எடுத்திருப்பார்கள். எரிந்த ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் அதில் ஒன்றும் வராது. அடுத்தது, பணம் வங்கிக்குத்தான் முதலில் போகும், அவர்கள் கடன் கணக்கில் வரவு வைத்துவிட்டால் வீட்டைச் சீர்செய்யக் கையில் காசு இருக்காது. கிளெய்ம் முடியும்வரை காத்திருக்காமல், தொடக்கத்திலேயே கிளை மேலாளருக்கு எழுதி, தொகையைப் பழுதுபார்ப்புக்கு விடுவிக்கத் தடையில்லாச் சான்று கேளுங்கள். பாலிசி நகல் கையில் இல்லையென்றால் கடன் கோப்பில் இருக்கும். கடன் கணக்கு அறிக்கையில் பிரீமியம் பிடித்த தேதியைப் பார்த்துக் கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது.

கேஸ் காப்பீட்டுக்கு வாடிக்கையாளர் பிரீமியம் எதுவும் கட்டவேண்டாம். உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், மருத்துவச் செலவு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்த மருத்துவச் செலவு 30 லட்சம் வரை. சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம்தான் உச்சம், அதுவும் இணைப்பு பதிவான முகவரியில் நடந்திருந்தால். வீடு மாறியும் முகவரி மாற்றாதவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். ஆக, கட்டடத்துக்கு இதை நம்பமுடியாது. வீட்டில் யாருக்காவது தீக்காயம் என்றால் நிலைமை தலைகீழ், ஏனென்றால் வீட்டு பாலிசி உங்கள் மருத்துவமனைச் செலவைப் பார்ப்பதில்லை. கேஸ் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து முத்திரையோடு ஒப்புகை வாங்கவேண்டும். அவர்கள் எண்ணெய் நிறுவனத்துக்கும், நிறுவனம் காப்பீட்டாளருக்கும் தெரிவிக்கும். எரிந்த ரெகுலேட்டர், டியூப் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஆய்வுக்குக் கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

எங்கள் பரிந்துரை: சொந்த பாலிசிக்கும் ஏஜென்சிக்கும் ஒரே நாளில் தகவல், மறுநாள் வங்கி. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. மற்ற பாலிசி இருப்பதை மறைத்தால் இரண்டுமே சிக்கலாகும். தீயணைப்பு நிலைய அறிக்கை, போலீஸ் புகார் நகல், புகைப்படம், சாமான் பட்டியல் ஆகியவற்றை மூன்று செட் போடுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் அகற்றவேண்டாம். மழை இறங்கினால் தார்ப்பாய் போடலாம், பில்லை வையுங்கள். கிளெய்ம் படிவம் 30 நாளுக்குள் போகவேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2024 சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்கவேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை, அது கிடைத்த 7 நாளில் முடிவு.

தொகை குறைவாக வந்தால் ‘முழுத் திருப்தி’ என்ற வவுச்சரில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு மீதியைக் கேட்பது கடினம். சர்வே அறிக்கை நகல் கேட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் ஏற்கமுடியாததாக இருந்தாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போகலாம். 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை. கேஸ் காப்பீட்டில் பாலிசிதாரர் எண்ணெய் நிறுவனம் என்பதால் நுகர்வோர் ஆணையமே நடைமுறைக்கு ஏற்ற இடம். அங்கே இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஏஜென்சி முத்திரையிட்ட அந்த ஒப்புகைக் கடிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.