வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டை அவசரமாக விற்பது: மூன்று வழிகளில் எது வேகம்?

கையில் காசு அவசரமாகத் தேவை, விற்க இருப்பது ஒரு வீடுதான், அதில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. மட்டக்களப்பில் இப்படி ஒரு நிலை வந்தால் மூன்று பேச்சு அடிபடும்: ஆளை எழுப்பிவிட்டு வில், ஆளோடேயே வில், இருப்பவருக்கே கொடு. நான் மூன்றாவதை முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஆளோடு விற்பது கேட்க லேசாக இருக்கும். ஆனால் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதிப் பக்கம் வீடு பார்க்க வருபவர்களில் பலர் மகளின் சீதனத்துக்காகத் தேடுபவர்கள். கலியாண நாள் குறித்திருக்கும். கூரை, கிணறு பார்ப்பதற்கு முன்னமே "திறப்பு எப்ப கையில வரும்?" என்றுதான் கேட்பார்கள். குத்தகை உறுதி முடிய இன்னும் காலம் இருந்தால், வாங்குபவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான்; விற்றதால் குத்தகை முறியாது என்பது நம் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டக் கொள்கை. அதைச் சொன்னதும் விலை இறங்கும், அல்லது ஆள் திரும்பி வரமாட்டார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தை அண்டிய அறைகள், ஒலுவில் பக்க வீடுகள், பட்டினத்துக் கடை அறைகள் வேறு கதை. அங்கே வாங்குபவருக்கு வேண்டியது மாத வருமானம். ஒழுங்காக எழுதிய வாடகைப் பற்றுச்சீட்டுகளைக் காட்டினால் ஆள் இருப்பதே பலமாகிவிடும்.

எழுப்பிவிட்டு விற்றால் நல்ல விலை வரலாம், உண்மைதான். நாள்தான் போகும். மாத வாடகை என்றால் ஒரு முழு மாத அறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதிய குத்தகை முடிந்தும் போகாதவர்களுக்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான வழி ஒன்றைத் தருகிறது. ஆனாலும் அது வழக்குத்தான். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் பழைய குடியிருப்பாளர் என்றால் சட்டத்தரணியைக் கேட்காமல் வாயே திறக்க வேண்டாம். இன்னொன்று, போகிறவருக்கு முற்பணத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் விற்பவரிடம் அந்தக் காசு பெரும்பாலும் இருக்காது. மாரி தொடங்கும் நேரத்தில் வெறுமையாக்கினால் வளவில் புல் மண்டும், பூட்டிய அறையில் சுவர் ஊறும், பார்க்க வருபவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

இருப்பவருக்கே விற்பதில் இந்தச் சிக்கல் எதுவுமில்லை. எந்தக் கூரை ஒழுகும், கிணறு எந்த மாதம் வற்றும் என்பது அவருக்குத் தெரியும். புரோக்கர் காசு இல்லை, முற்பணத்தை விலையில் கழித்துவிடலாம். தடை வங்கிக் கடன். உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுத் தேடல், தெருக்கோட்டுச் சான்று, சோலைவரிப் பற்றுச்சீட்டு என்று வங்கி கேட்கும். இவற்றை விற்பவர் முன்கூட்டியே எடுத்து வைத்தால் பல கிழமைகள் மிச்சமாகும். கடன் அனுமதிக் கடிதம் கொண்டுவர ஒரு மாதம் தவணை கொடுங்கள். அதற்கு மேல் இழுபட விடவேண்டாம்.

எந்த வழியானாலும் காணி உறுதியுள்ள சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்று முதலில் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. வெளிநாட்டிலிருந்து விற்பவர்கள், தமக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை அங்குள்ள நம் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பி, இங்கே பதிவும் செய்ய வேண்டும்.

இருப்பவர் வாங்க மாட்டார் என்றால் அவரோடு பேசி ஒரு திகதி குறித்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மாத வாடகையை விட்டுக்கொடுங்கள். விலையில் இறங்குவதோடு பார்த்தால் அது சின்னக் காசு. வீடு காட்டுவதற்குக் கிழமையில் இரண்டு நேரம் மட்டும் ஒதுக்கி, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் அந்நியர் அடுப்படிக்குள் நுழைந்து அலுமாரி திறந்து பார்ப்பதை எந்தத் தாய் பொறுப்பாள்? மரியாதையாக நடத்தப்பட்டவர்தான் வருபவரிடம் "நல்ல தண்ணி, நல்ல அயல்" என்று சொல்வார்.

ஆளோடு விற்பதானால், குடியிருப்பாளரின் முற்பணத்தை இனி யார் திருப்பிக் கொடுப்பது என்பதை உறுதி முடிக்கும் நாளுக்கு முன்னமே நொத்தாரிசு முன் எழுதி, மூவரும் கையெழுத்து வையுங்கள்.