ஸ்பீக்கர் பெட்டிக்கு எம்டிஎஃப்பா, பிளைவுட்டா?

ஒரே வரைபடம், ஒரே ஊஃபர் (கனத்த ஒலி தரும் ஸ்பீக்கர்). பெட்டி மட்டும் மூன்று தடவை செய்திருக்கிறேன், மூன்றும் 18 மி.மீ. பலகையில்.

முதலில் செய்தது பார்ட்டிகிள் போர்டு, மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திய பலகை. ஊஃபரை இரண்டாவது முறை கழற்றி மாட்டும்போதே ஸ்க்ரூ ஓட்டை பொடிந்து கையோடு வந்துவிட்டது, அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அப்புறம் எம்டிஎஃப், மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை. அறுக்க, ரூட்டர் என்ற மரம் குடையும் மெஷினில் வட்டம் வெட்ட இதைவிட சுகமான பலகை கிடையாது. ரேகை இல்லை, உள்ளே பொந்து இல்லை, எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி. தட்டினால் மந்தமாக 'தொப்' என்கிறது. வீணைக்குத்தான் மரம் பாட வேண்டும், ஸ்பீக்கர் பெட்டி வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் தூசி! மாவு போல மூக்கில் ஏறும், ஃபார்மால்டிஹைடு பசையும் அதில் கலந்திருப்பதால் நல்ல மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். வெட்டிய ஓரங்கள் பெயிண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் கலந்த மரப்பசையை இரண்டு கை தடவி உப்புத்தாள் போட்ட பிறகுதான் அடங்கின. ஓரத்தில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். ஈரம் பட்டு உப்பினால் பழைய நிலைக்கு வராது.

மூன்றாவது பிர்ச் பிளைவுட், பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் மெல்லிய தகடுகள் 13 அடுக்கு. விறைப்பு அதிகம், ஸ்க்ரூ கெட்டியாகப் பிடிக்கிறது, முனை இடிபட்டாலும் பெரிதாக நசுங்குவதில்லை. ஆனால் தட்டிப் பார்த்தால் எம்டிஎஃப்பைவிடக் கொஞ்சம் கணீரென்றுதான் இருந்தது. உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டியதும் அது போயிற்று. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் பெட்டி வெறும் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்தான், உள்பக்கம் அதிர்வை அடக்கும் பட்டைகளை ஒட்டிச் சமாளித்தார்கள். ஆக, பலகை எது என்பதைவிட உள்ளே என்ன செய்கிறோம் என்பதுதான் காதுக்குத் தெரிகிறது. மலிவான பிளைவுட் வாங்குவதானால் ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள், உள்ளடுக்கில் பொந்து இருந்தால் குறிப்பிட்ட ஒரு சுருதியில் மட்டும் 'ஜ்ஜ்' என்று இரையும், எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஒரு வாரம் போகும்.

தேக்கு மாதிரி முழு மரத்தில் செய்யலாமா? பார்க்க அழகுதான். ஆனால் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப ரேகைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும், இணைப்பு விட்டுக் காற்று கசியும். அழகு வேண்டுமென்றால் எம்டிஎஃப் மேல் வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிக்கொள்ளலாம்.

தூக்கிக்கொண்டு அலையும் பெட்டிக்கு பிர்ச்தான். அடுத்து செய்யப்போவது சப்ஊஃபர், மூலையில் வைத்தால் அசையப்போவதில்லை, அதற்கு எம்டிஎஃப் வாங்கி வைத்துவிட்டேன், மாஸ்க்கும் சேர்த்து.