லாமிங்டன் ரோடு கேசட் கடை: அம்மாவின் குரல், முறுக்குச் சட்டியின் சத்தம்

பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருபவர்கள் மும்பையில் இன்னும் இருக்கிறார்கள். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டுக்கு நடந்தால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது நான் போன கடை. வேலை தெரிந்த மனிதர். சொல்லும் தேதியைத்தான் நம்பக் கூடாது. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாதாம்.

நான் கொண்டுபோனவை பாட்டுக் கேசட்டுகள் இல்லை. 1982 ஜனவரியில் பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதில் வேலை போன அப்பா மஸ்கட்டுக்குப் போனார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆலங்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். முறுக்கு சுட்டு 90 அடி ரோட்டில் விற்றாள். பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கி, அடுப்படியிலேயே உட்கார்ந்து அப்பாவுக்குப் பேசுவாள். மஸ்கட் போகிறவர் யாராவது கேசட்டை எடுத்துப் போவார்கள். அப்பா திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாகக் கொண்டுவந்தார்.

போன வருஷம் அம்மா தவறிவிட்டாள். என் பிள்ளைகள் அறிந்தது பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போன ஆச்சியை. வாய் ஓயாத ஆச்சியை அவர்கள் கேட்டதே இல்லை. முதல் வருஷ நினைவு நாளுக்குள் கேட்க வைத்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

இத்தனை மழைக்காலம் பார்த்த டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. டேப்பை, அதிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன கம்பளித் துண்டு பாதி கேசட்டுகளில் உதிர்ந்து கிடந்தது. திருகு இல்லாமல் ஒட்டிய கூடுகளைப் பிளந்து, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றினார். அவர் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது வேகத்தைச் சரிசெய்ததில். இரவல் டேப்ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் இப்போது போட்டால் அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கீச்சென்று பேசுகிறாள். பதிவில் பின்னால் கேட்கும் கரண்ட் இரைச்சலை அவர் திரையில் காட்டினார். நம் ஊர் கரண்டுக்கு அது 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும், இதில் மேலே ஏறி நின்றது. அதை 50-க்கு இறக்கியதும் அம்மாவின் கட்டைக் குரல் வந்துவிட்டது.

குறை ஒன்று உண்டு. கேட்காமலேயே 'சுத்தம்' செய்துவிடுகிறார். முதலில் தந்த கோப்பில், "கேக்குதா? இருங்க, முறுக்கை எடுத்துட்டு வாரேன்" என்கிறாள் அம்மா. அப்புறம் ஒன்றுமே இல்லை, வெறும் அமைதி. டேப் இரைச்சலை அழிக்கும் மென்பொருளுக்கு எண்ணெய் பொரிகிற சத்தமும் இரைச்சல்தான் போலிருக்கிறது, துடைத்துவிட்டது. சுத்தம் செய்யாத கோப்பைக் கேட்டு வாங்கினேன். முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார். அதில் எல்லாம் இருக்கிறது: சொர்ரென்று மாவு விழுவது, ஜல்லிக்கரண்டி சட்டியில் தட்டுவது, தம்பி பதினாறாம் வாய்ப்பாட்டில் திணறுவது, "பொறவு சொல்லு, இப்ப அப்பாகிட்ட பேசுதேன்லா" என்று அவனை அதட்டுவது.

குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்டேன். ஊரில் இருக்கும் அத்தை முழுதும் கேட்டுவிட்டுச் சொன்ன ஒரே கருத்து: "எண்ணெய் காயவே இல்ல, சத்தத்துலயே தெரியுது. அவளுக்கு எப்பவும் அவசரம்."

கொடுக்கப் போகிறவர்கள் முதல் நாளே வேவ் (WAV) கோப்பாக, அதாவது ஒலியைச் சுருக்காத கோப்பாக, எதையும் நீக்காமல் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரப் பதிவு 600 எம்பி அளவுக்கு வரும், அதற்குத் தக்க பென் டிரைவ் எடுத்துப் போங்கள். சுத்தம் செய்ததையும் வாங்கிக்கொள்ளலாம், காது மந்தமான பெரியவர்களுக்கு அதுதான் புரிகிறது. பழைய கேசட்டுகளை மறக்காமல் திருப்பிக் கேளுங்கள். நினைவு நாளுக்காக என்றால், அவர் சொல்லும் தேதிக்கு மேல் இரண்டு வாரம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டணம் கேசட் கணக்கு, டேப் அறுந்திருந்தால் ஒட்டுவதற்குத் தனி. பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை.