இ.சி.என்.எல். பெஞ்சா, ஜி.ஏ. களமா, ஊர் கிளப்பா?

அணிக்கு ஆள் தேர்வு நடக்கும் ட்ரைஅவுட் சீசன் வந்துவிட்டால் ஃபிரிஸ்கோ, பிளேனோ என்று டாலஸ் புறநகர்களில் பெண் பிள்ளைகளை சாக்கருக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர்களிடையே ஒரே பேச்சுதான். "இ.சி.என்.எல். டீம்ல இடம் குடுத்திருக்காங்க, ஆனா கடைசி ஆளா. இப்ப இருக்கிற டீம்ல நடுக்களத்துல அவதான் சென்டர் மிட். மாத்தலாமா?" அந்த நாலெழுத்து, அதாவது எலைட் கிளப்ஸ் நேஷனல் லீக் என்ற தேசிய கிளப் லீக்கின் முத்திரை, இல்லாவிட்டால் காலேஜ் கோச் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்பது ஒரு கட்சி. எல்லாம் காசு பிடுங்கும் வேலை என்பது மறு கட்சி. என்னைக் கேட்டால், ஆட்டம் வளர்வது ஒரு சரக்கு, காலேஜ் கண்ணில் படுவது வேறு சரக்கு. கிளப்புகள் இரண்டையும் ஒரே பில்லில் போட்டு விற்கின்றன. எது எந்த வயதில் தேவை என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் இந்த லீக்குகள் எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம். இ.சி.என்.எல். 2009-ல் பெண்களுக்காகவே தொடங்கியது. ஆண்கள் பிரிவு பிறகுதான் வந்தது. 2017-ல் அமெரிக்க சாக்கர் சம்மேளனம் டெவலப்மென்ட் அகாடமி என்ற தன் லீக்கைப் பெண்களுக்கும் விரித்தது. அங்கே சேர்ந்தால் ஹைஸ்கூல் அணிக்கு ஆடக் கூடாது என்பது எல்லோரையும் உறுத்திய நிபந்தனை. பள்ளி ஜெர்சியில், வகுப்புத் தோழிகள் பார்க்க ஆட வேண்டும் என்ற ஆசையைப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் விட்டுவிடச் சொன்னால் யார் கேட்பார்கள்? பல கிளப்புகள் இ.சி.என்.எல். பக்கமே நின்றன. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அகாடமியை இழுத்து மூடினார்கள். நடுத்தெருவில் நின்ற கிளப்புகள் கூடி உருவாக்கியதுதான் கேர்ள்ஸ் அகாடமி, சுருக்கமாக ஜி.ஏ. ஆக, 'அகாடமி' என்ற பெயர் ஜி.ஏ.வை மேலே தூக்கிவிடவும் இல்லை, இ.சி.என்.எல். என்ற முத்திரை வானத்திலிருந்து விழவும் இல்லை.

காலேஜ் கண்ணில் படுவது என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் இ.சி.என்.எல். முன்னால் நிற்கிறது, அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. பல ஊர் கிளப்புகள் ஒரே இடத்துக்கு வந்து ஆடும்போது, கோச்சுக்கு ஒரு விமான டிக்கெட்டில் பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. காலேஜ் கோச்சுகள் பார்ப்பதற்கென்றே நடக்கும் ஆட்டங்களான ஷோகேஸ்கள் ஜி.ஏ.விலும் உண்டு; அவற்றுக்கும் டிவிஷன் 1 என்ற கல்லூரி விளையாட்டின் மேல் அடுக்குக் கோச்சுகள் வருகிறார்கள், தலை எண்ணிக்கை குறைவு, அவ்வளவே. இது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பகுதியில் ஜி.ஏ. கிளப் வலுவானதாகவும், அருகிலுள்ள இ.சி.என்.எல். கிளப் தோற்றுக்கொண்டே இருக்கும் கிளப்பாகவும் இருந்தால், முத்திரையை மறந்துவிடலாம்.

ஷோகேஸில் என்ன நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் மீதி புரியும். மைதானத்தின் ஒரு பக்கம் பெற்றோர். எதிர்ப்பக்கம் மடக்கு நாற்காலிகளில், கல்லூரி முத்திரை போட்ட போலோ சட்டையோடு கோச்சுகள். கையில் போன் ஆப்; அதில் ஒவ்வொரு பெண்ணின் ஜெர்சி எண், பொசிஷன், ஹைஸ்கூல் முடிக்கும் ஆண்டு, ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி. அவர்கள் சும்மா உட்கார்ந்து புது முகம் தேடுவது குறைவு. முந்தின வாரமே மின்னஞ்சல் அனுப்பிய, ஏற்கெனவே குறித்துவைத்த ஓரிருவரைப் பார்க்க வந்திருப்பார்கள். கால் மணி நேரம் பார்ப்பார்கள், நாற்காலியை மடக்கிக்கொண்டு அடுத்த மைதானத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் உங்கள் பெண் வார்ம்-அப் ஜாக்கெட்டோடு பெஞ்சில் இருந்தால், ஃபீனிக்ஸ் வரை போய்வந்த விமானச் செலவும் ஹோட்டல் பில்லும்தான் மிச்சம்.

அந்த மின்னஞ்சலைப் பெண்தான் எழுத வேண்டும், அப்பா அல்ல. தலைப்பிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, பொசிஷன், ஜெர்சி எண், மைதான எண், நேரம் எல்லாம் இருக்க வேண்டும். பதில் வரவில்லையே என்று உடைந்துபோக வேண்டாம். 10-ஆம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை டிவிஷன் 1 கோச் ரெக்ரூட்டிங் பற்றி, அதாவது அணிக்கு ஆள் எடுப்பது பற்றி, பதில் எழுதக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. நேரில் அழைத்துக் கல்லூரியைக் காட்டுவது 11-ஆம் வகுப்புக்கு முந்தின ஆகஸ்ட் 1 முதல்தான். இந்த விதி 2019-ல் வந்தது. அதற்கு முன், 2017-ல் ஒலிவியா மோல்ட்ரி என்ற சிறுமி தன் 11 வயதில் நார்த் கரோலினா பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப்பை ஏற்றுக்கொண்ட கூத்தும் நடந்தது. கடைசியில் அவர் கல்லூரிக்கே ஆடவில்லை; 15 வயதில் தொழில்முறை லீக்கின் வயது வரம்பை எதிர்த்து வழக்குப் போட்டு போர்ட்லாண்ட் தார்ன்ஸ் அணியில் சேர்ந்தார். இப்போது ஜூன் 15-க்கு முன் வருவதெல்லாம் கல்லூரியின் பயிற்சிக் கேம்ப்புக்கு அழைப்பிதழ்தான். அதைப் பார்த்து ஸ்வீட் பாக்ஸ் வாங்கிய வீடுகள் உண்டு. ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் போகும் விளம்பரம் அது.

ஆட்டம் வளர்வது என்ற அடுத்த சரக்குக்கு வருவோம். இங்கே லீக் பெயரை விட, செவ்வாய், வியாழன் மாலைகளில் யார் சொல்லிக்கொடுக்கிறார், சனிக்கிழமை எத்தனை நிமிடம் களத்தில் நிற்கிறாள் என்பதுதான் கணக்கு. 2023-ல் தொழில்முறை தேசிய மகளிர் லீக் அணிகள் முறைபோட்டு ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக, ஹைஸ்கூலிலிருந்து நேராகத் தேர்வான அலிசா தாம்சன், அதற்கு முன் ஆடியது ஆண் பிள்ளைகளின் அணியில். அவரைப் போன்றவர் கோடியில் ஒருவர், சரி. ஆனால் வளர்ச்சிக்கு வழி ஒன்றல்ல என்பதற்கு அது போதும். 12, 13 வயதில் பந்தைத் தொடும் வாய்ப்பு ஏராளமாகக் கிடைக்கும் ஊர் கிளப், பெரிய முத்திரையின் பெஞ்சை விட மேல் என்பது என் கட்சி. 9-ஆம் வகுப்பில் பெரிய லீக்குக்கு மாறினாலும் நேரம் இருக்கிறது. அந்த வயதுக்குப் பிறகு, கல்லூரி ஆசை உறுதியென்றால், கண்ணில் படும் சரக்குக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு.

ஹைஸ்கூல் ஆட்டத்தைப் பொறுத்தவரை, இ.சி.என்.எல். தடுப்பதில்லை. டெக்ஸாஸில் அந்த சீசன் ஜனவரியில் தொடங்கி வசந்தத்தில் முடியும், நியூ ஜெர்சியில் இலையுதிர் காலம். கிளப் ஆட்டங்கள் அதற்கேற்ப இடைவெளி விடும். ஹைஸ்கூல் ஆட்டத்தைப் பார்த்து எடுக்கும் கோச்சுகள் குறைவு. தோழிகளுக்காக ஆடட்டும். ஒரே எச்சரிக்கை முழங்கால். ஏ.சி.எல். என்ற முழங்கால் தசைநார் கிழிவது பெண் பிள்ளைகளுக்கு ஆண்களை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு சீசன்களையும் ஓய்வில்லாமல் ஓட்டுகிறார்களா, முறையான வார்ம்-அப் செய்ய வைக்கிறார்களா என்று கிளப்பைக் கேளுங்கள். கொடி கோப்பைகளைப் பற்றிப் பிறகு கேட்கலாம்.

"ஃபுல் ஸ்காலர்ஷிப் வந்துரும், போட்ட காசு திரும்பிடும்" என்று கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவிஷன் 1-ல் ஓர் அணிக்கு நெடுங்காலம் 14 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு; அதை இருபத்தெட்டு, முப்பது பேருக்குப் பாதி, கால் என்று நறுக்கிக் கொடுப்பார்கள். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றி 2025-ல் வந்த ஹவுஸ் வழக்குத் தீர்வுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய்விட்டது. பதிலுக்கு அணியில் 28 பேருக்கு மேல் கூடாது. பணக்காரக் கல்லூரிகளில் பணம் கூடலாம், ஆனால் 29-ஆவது பெண்ணுக்கு இடமே கிடையாது. போதாக்குறைக்கு, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருபது வயது அனுபவசாலி கிடைக்கும்போது, பதினேழு வயதுக்காரியை வைத்து வளர்க்கக் கோச்சுக்கு என்ன அவசரம்?

நம்மவர்கள் அதிகம் பேசாத வழி டிவிஷன் 3. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் ஒரு டாலர்கூடக் கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் அப்படித்தான், அது டிவிஷன் 1 என்றாலும். ஆனால் எம்.ஐ.டி., சிகாகோ, எமரி, வில்லியம்ஸ், டஃப்ட்ஸ் எல்லாம் டிவிஷன் 3. அங்கெல்லாம் கோச் ஒரு பெண்ணை விரும்பினால், பல இடங்களில் 11-ஆம் வகுப்பு முடிந்த கோடையில் அவளுடைய மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்துக்கு முன்கூட்டியே பார்க்கக் கொடுக்கிறார். எம்.ஐ.டி. போன்ற இடத்தில் கோச் சொல் ஒரு சிபாரிசு மட்டுமே. சில சிறு கல்லூரிகளில் அதற்கு எடை அதிகம். இந்த வழிக்கு இ.சி.என்.எல். கட்டாயமில்லை. ஜி.ஏ. போதும், இரண்டாம் அடுக்கு லீக்கில் முதல் ஆளாக ஆடி, பிடித்த நான்கைந்து கல்லூரிகளில் கோச் ஆட்டத்தை எடைபோடும் ஐ.டி. கேம்ப்களுக்கு நேரில் போனாலும் போதும். ஷோகேஸுக்காக வெள்ளியும் திங்களும் கல்லூரித் தரத்து ஏ.பி. வகுப்பைத் தவறவிட்டு ஜி.பி.ஏ. இறங்கினால், திறக்கக்கூடிய கதவை நாமே சாத்தியதாகிவிடும். அரங்கேற்ற ஒத்திகையும் அதே வார இறுதியில் வரும் என்பது தனிச் சோகம்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றைப் பாருங்கள். 2026-27 சீசனிலிருந்து இ.சி.என்.எல். உட்படப் பெரும்பாலான லீக்குகளில் வயதுப் பிரிவு ஜனவரி 1-க்குப் பதில் ஆகஸ்ட் 1-ல் தொடங்குகிறது. இதுவரை நவம்பரில் பிறந்த பெண், தன்னைவிட ஒரு வகுப்பு மேலே படிப்பவர்களோடு ஆடினாள். அந்த அணியைப் பார்க்க வந்த கோச்சுகள் தேடியது மேல் வகுப்புக்காரர்களை. இனி அவள் தன் வகுப்பினரோடு ஆடுவாள். டெக்ஸாஸில் பள்ளிச் சேர்க்கைக் கெடு செப்டம்பர் 1 என்பதால், ஆகஸ்டில் பிறந்தவர்கள் மட்டும் இப்போது ஒரு வகுப்பு கீழே உள்ளவர்களோடு சேர்கிறார்கள். உங்கள் பெண் அந்த மாதத்தில் பிறந்திருந்தால், ஷோகேஸில் அவளை எந்த அணியோடு நிறுத்துவீர்கள் என்று கிளப் இயக்குநரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.